தலைகீழாய் வாசித்தவர்

சங்கரன்கோவிலில் 1954க்கும் 1993க்கும் நடுவே நடந்த எத்தனையோ கல்யாணங்களில், மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் முதன்முதலாக ஒரே வரிசையில் நிறுத்தியவர் என் தாத்தா. அதுவும் தலைகீழாக. அச்சுக்குக் கோர்க்கிற ஈய எழுத்து இடவலம் மாறியிருக்கும். அதை ஸ்டிக்கில் கவிழ்த்துப் பிடித்து இடமிருந்து வலமாகக் கோர்த்துக்கொண்டே போக வேண்டும். முகூர்த்த நேரம், தாய்மாமன்மார், பந்தல் போடும் இடம் எல்லாம் அவர் கண்ணுக்குக் கால் மேலாகத் தலை கீழாகத்தான் வந்து சேர்ந்தன. டீக்கடையில் எதிர் பெஞ்சுக்காரர் மடியில் விரித்துவைத்துப் படிக்கிற பேப்பரை, இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே அவருக்கு முந்தி வாசித்து முடித்துவிட்டு, "பக்கத்தத் திருப்பும் வே" என்பார்.

1924இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் திருநெல்வேலியில் ஓர் அச்சாபீசில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அங்கே ரொம்ப நாள் எழுத்துக் கோர்க்க விடவில்லை, பிரிக்கத்தான் விட்டார்கள். அச்சடித்து முடித்த பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். எந்த எழுத்து எங்கே கிடக்கிறது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் ஸ்டிக்கைத் தொடலாம். தமிழுக்கு 247 எழுத்து என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. எழுத்து அறைகள் உள்ள கேஸின் கணக்கு வேறு. கொ, கோ இவற்றுக்குத் தனி அறை கிடையாது; கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கும், எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கு, கூ, மு, மூ, து, தூ ஒவ்வொன்றும் தனி அறை கேட்கும். ஷ, ஜ, ஸ், ஸ்ரீ கேட்கும். எண்கள், நிறுத்தக்குறிகள், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே போடுகிற வெற்று ஈயக் கட்டைகள் எல்லாம் இடம் கேட்கும். சாயங்காலம் கரண்ட் போனாலும் தாத்தாவின் கை நிற்காமல் போய்க்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். விளக்கு வந்த பிறகு பார்த்தால் வரி சரியாக இருக்கும்.

1954இல் ஒரு பழைய டிரெடிலை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து சொந்தமாக அச்சாபீசு போட்டார். ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வீட்டு முன்கட்டுதான் அச்சாபீசு. நடுக்கட்டில் ரீம் ரீமாகக் காகிதம். பின்கட்டில் ஆச்சியின் அடுப்பும் கிணறும். அச்சாபீசுக்கு அம்மன் பேர். அந்த ஊரில் பாதிக் கடைக்குக் கோமதியம்மன் பேர், மீதிக்குச் சங்கரநாராயணர் பேர், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு தாள் எனக்குச் சின்ன வயதில் புரியவே இல்லை. சாமி கும்பிடுகிறபோது அதற்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டுவார். பிறகு தெரிந்தது, அது மாஜிஸ்திரேட் முன்னால் அவர் கொடுத்த டிக்ளரேஷனின் நகல். 1867ஆம் வருஷத்து அச்சக, புத்தகப் பதிவுச் சட்டம் அச்சு எந்திரம் வைத்திருக்கிறவர் அப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. அச்சடிக்கிற எந்தத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். வெள்ளைக்காரன் தன் வசதிக்காகப் போட்டது. 2023இல் புதுச் சட்டம் வந்து, அது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வரும்வரை உயிரோடு இருந்தது. தாத்தா அதைக் காவல் துறைக்குப் பயந்து கடைப்பிடித்தாரா, பெருமைக்காகக் கடைப்பிடித்தாரா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கால் பக்க பிட் நோட்டீஸாக இருந்தாலும் அடியில் பொடி எழுத்தில் அச்சாபீசு பேரும் 'சங்கரன்கோவில்' என்பதும் இல்லாமல் வெளியே போனதில்லை.

ஆளைப் பார்த்தால் முதலாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டையான உருவம், கை வைத்த பனியன், மை தீற்றின வேட்டி. வலது கட்டைவிரல் மட்டும் எப்போதும் கறுப்பு. ஆச்சி எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது. அதிகம் பேச மாட்டார். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சியதாகவும் ஞாபகம் இல்லை. அவருடைய பிரியமெல்லாம் கட்டிங் காகிதத்தில் இருந்தது. பில் புக்கும் அழைப்பிதழும் வெட்டினபிறகு விழுகிற துண்டுகளை ஓரம் தட்டி அடுக்கி, முதுகில் பசை தடவிக் காயவைத்து, உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்ன நோட்டாக்கிவிடுவார். மஞ்சள், ரோஸ், வெள்ளை என்று பல நிறம் கலந்திருக்கும். எங்களுக்கு மட்டுமில்லை, அந்தச் சந்தில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறபோது ஆளுக்கு ஒன்று. சனிக்கிழமை கூலி பட்டுவாடா ஆனதும் காரச்சேவு வாங்கி, பழைய புரூஃப் தாளில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் தருவார். சேவைத் தின்றுவிட்டுத் தாளை வாசிப்போம். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததே எண்ணெய் ஊறின புரூஃப் தாள்களில்தான். அதனால் சந்திப்பிழையோடு கூடிய தமிழ்தான் எனக்கு முதலில் அறிமுகம்.

கோடை விடுமுறையில் எனக்கு அங்கே வேலை உண்டு. தரையில் சிந்தின எழுத்துகளைப் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் போடுவது. எதிரே உட்கார்ந்து கம்பாசிட்டர் மாமா எழுத்துப் பிரித்துக்கொண்டிருப்பார். "ஏலே, ஈயத்தத் தொட்ட கைய வாயில வைக்காத" என்று தாத்தா அடிக்கடி சத்தம் போடுவார். சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லோரும் மண்ணெண்ணெயில் கை கழுவி, பிறகு சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் ஆளுக்கு ஒரு வாழைப்பழம். பழம் ஈயத்தை முறிக்கும் என்பது அந்தத் தொழிலில் இருந்தவர்களின் நம்பிக்கை. முறிக்காது. ஆனால் கழுவாத கையோடு யாரும் பழத்தை வாங்க முடியாது என்ற கட்டாயம் ஒன்று இருந்தது பாருங்கள், காப்பாற்றியது அதுதான்.

வெயில் காலத்தில் இன்னொரு தலைவலி ரோலர். வஜ்ஜிரப் பசையும் கிளிசரினும் காய்ச்சி வார்த்தது. சித்திரை வெயிலுக்கு அல்வாவாக இளகிவிடும். ராத்திரியில் எலி வந்து கடிக்கும். முகூர்த்த மாதமும் அதுதான். ரோலரை ஈரச்சாக்கில் சுற்றிக் கிணற்றடியில் வைத்துவிட்டு விடியற்காலை 4 மணிக்கு எழுந்து அடிக்க ஆரம்பிப்பார்கள். டிரெடில் மிதிக்கிற சத்தத்தில்தான் எங்களுக்கு விழிப்பு வரும். பின்னாளில் மோட்டார் வைத்தார். ஆச்சிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. மிதிக்கிற காலத்தில், நின்றால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியுமாம். காப்பி போட்டுவிடலாமாம்.

கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. அதற்கு ஆள் வந்தால் உடனே ஸ்டிக்கை எடுத்துவிட மாட்டார். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் பெயர்களை எழுதச் சொல்வார். எழுதி முடித்ததும் தாளைத் திரும்பக் கொடுத்து, "வீட்டுல போயி எல்லார்ட்டயும் காட்டிட்டு வாரும். விட்டுப்போன மச்சினன் யாராவது இருப்பான்" என்பார். அநேகமாக இருப்பான். பெயர் வரிசையில் வந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே வந்துவிட்டது, பிரிந்துபோன பங்காளி பெயரைப் போட்டால் நாங்கள் வர மாட்டோம், மூத்த தாரத்துப் பிள்ளையை எங்கே போடுவது. ஒரே மட்டத்தில் இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டுவிட்டால் யார் முதல், யார் இரண்டாவது என்ற கேள்வி எழாது என்று கண்டுபிடித்துவைத்திருந்தார். ஆடித்தபசுக்கு மண்டகப்படி நோட்டீஸ் அடிக்கிறபோது அந்த வித்தையும் செல்லாது. தபசுக்குச் சம்சாரிகள் பருத்தியும் வத்தலும் சூறை விடக் கிளம்பி வருகிற ஊரில், எந்த நாள் மண்டகப்படி யாருடையது என்பது தலைமுறைக் கணக்கு. பழைய வருஷத்து நோட்டீசை எடுத்துவைத்து வரி வரியாக ஒப்பிட்டுவிட்டுத்தான் மெஷினில் ஏற்றுவார்.

1975 சித்திரையில் பிறந்தது ராட்சச வருஷம். அறுபது வருஷ சுற்றில் அந்தப் பேர் வந்தே தீரும், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 'நிகழும் மங்களகரமான ராட்சச வருடம்' என்று பத்திரிகை ஆரம்பிக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து தயங்கித் தயங்கி நின்றார்களாம். "அண்ணாச்சி, எம் மவ கல்யாணத்துல அந்தப் பேரு வேண்டாமே." தாத்தா ஒரு வழி வைத்திருந்தார். வருஷப் பெயரை விட்டுவிட்டுத் திருவள்ளுவர் ஆண்டு 2006 என்று போட்டுவிடலாம். அரசாங்கமே ஏற்றுக்கொண்டதுதான், குற்றம் சொல்ல யாருக்கும் வாயில்லை. கழகக்காரர்கள் நிழலில்கூட ஒதுங்காத, நெற்றி நிறையத் திருநீறு பூசின ஆட்கள்கூட ராட்சசனிடமிருந்து தப்பிக்க வள்ளுவரிடம் வந்து சேர்ந்தார்கள். அதற்கு ஆறு வருஷம் கழித்துத் துர்மதி வந்தபோதும் இதே வழிதான். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் தாத்தா சத்தம்போட்டுச் சிரிப்பார்.

ஊர் எப்படி மாறியது என்பதை அவர் எழுத்துத் தேய்மானத்தில் கண்டுபிடித்தார் என்று சொன்னால் மிகையில்லை. 1950களில் ஷவும் ஸ்ரீயும் ஹவும்தான் முதலில் தேயும். விவாஹ சுபமுகூர்த்தப் பத்திரிகை, சௌபாக்கியவதி, சிரஞ்சீவி, ஸ்ரீமான். எந்த வரியைத் தொட்டாலும் கிரந்தம். மதுரைக்கு எழுதி அடிக்கடி புது ஸ்ரீ வாங்க வேண்டியிருந்தது. 1967க்குப் பிறகு அந்த அறைகளில் எழுத்து அப்படியே கிடந்து, 'திரு'வுக்கான தி-யும் ரு-வும் தேயத் தொடங்கின. திருமண அழைப்பிதழ், திருவளர்செல்வன், திருநிறைச்செல்வி. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத்தில் இடம் வந்தது. 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' என்றும் சிலர் கொண்டுவந்தார்கள். பெயருக்குப் பின்னால் வால் பிடித்து வந்த சாதிப் பட்டங்கள் மெல்ல உதிர்ந்து, அந்த இடத்தில் பி.ஏ., பி.எஸ்ஸி. வந்து உட்கார்ந்தன. அதற்கெல்லாம் புள்ளி அதிகம் வேண்டும். "சாதி போயி புள்ளி வந்துச்சு" என்பார் தாத்தா. சாதி எங்கேயும் போய்விடவில்லை, பத்திரிகையிலிருந்துதான் போயிற்று என்பது அவருக்கும் தெரியும். எந்தத் தெருவுக்கு யார் வீட்டுப் பத்திரிகை போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே.

பிழையே வராத அச்சாபீசு உலகத்தில் கிடையாது. தாத்தாவின் அச்சாபீசில் வந்த பிழைகளில் ஊர் மறக்காதது ஒன்று உண்டு. எழுத்துப் பிரிக்கிறபோது வ-வின் அறையில் ஒரு ல தப்பி விழுந்திருக்கிறது. அது போய் உட்கார்ந்த இடம் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரி. 'தங்கள் நல்லரவை விரும்பும்' என்று அச்சாகிவிட்டது. புரூஃபில் யார் கண்ணிலும் படவில்லை. பழகின வரியைக் கண் வாசிக்காது, தானாக ஓட்டிக்கொள்ளும். புற்றுமண்ணைப் பிரசாதமாகக் கொடுக்கிற கோயில், நாகசுனை, பாம்பும் தேளும் உருவாகச் செய்து உண்டியலில் போடுகிற நேர்த்திக்கடன், இவ்வளவும் இருக்கிற ஊரில் நல்ல பாம்பை விரும்பிக் கல்யாணத்துக்கு அழைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். பாதிப் பத்திரிகை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கல்யாண வீட்டுக்காரரே, "விடும் அண்ணாச்சி, அம்மன் காரியம்னு நெனச்சிக்கிடுதேன்" என்று சொல்லியும் கேட்காமல், தன் செலவில் அத்தனையும் திரும்ப அடித்து, கொடுத்த வீடுகளுக்கெல்லாம் கம்பாசிட்டர் மாமாவை சைக்கிளில் அனுப்பி மாற்றச் சொன்னார். பலர் பழையதைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த வரியைக் கோர்ப்பது தாத்தா ஒருவர்தான். வேறு யாரும் தொடக் கூடாது.

காலாண்டு, அரையாண்டுப் பரீட்சை சமயம் வந்தால் வீட்டின் நடைமுறையே மாறும். சுற்றுவட்டாரப் பள்ளிகள் சிலவற்றின் கேள்வித்தாள் எங்கள் அச்சாபீசில் அடிப்பார்கள். நான் படித்த பள்ளியும் அதில் ஒன்று. அந்த நாட்களில் முன்வாசல் கதவு சாத்தியே இருக்கும். பேரன்மாரெல்லாம் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். நடுக்கட்டைத் தாண்டக் கூடாது. புரூஃப் தாள் ஒன்றுவிடாமல் ஆச்சியின் வெந்நீர் அடுப்புக்குப் போய்விடும், அதுவும் தாத்தா பக்கத்தில் நின்று எரிந்து முடிவதைப் பார்த்த பிறகுதான் நகர்வார். அந்த வாரங்களில் சேவுப் பொட்டலத்துக்கு வாழையிலைதான். ஒருமுறை என் சித்தி, "கணக்குல இவன் பார்டரு, எத்தனாம் பாடம்னு மட்டும் சொன்னா என்ன" என்று கேட்டுவிட்டாள். தாத்தா பதிலே சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் ராஜபாளையத்தில் அத்தை வீட்டில் இருந்து படிக்கும்படி ஆயிற்று. பரீட்சை முடிகிறவரைக்கும் அங்கேயிருந்து பஸ்ஸில் வந்துபோனேன்.

அவரை வீரர் என்று நான் சொல்லப்போவதில்லை. அவசர நிலைக் காலத்தில் நடந்தது ஒன்றை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1976 ஜனவரி 31ஆம் தேதி மாநில அரசைக் கலைத்துவிட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு ராத்திரி, தெரிந்த மனிதர் ஒருவர் கையெழுத்துத் தாள் ஒன்றை மடியில் முடிந்துகொண்டு பின்வாசல் வழியாக வந்திருக்கிறார். பிடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றிய நோட்டீஸ். அச்சாபீசு பேர் போட வேண்டாம், கூலி இரண்டு பங்கு. தாத்தா தாளை முழுக்க வாசித்தார். பிறகு, "பேரு போடாம நான் அடிக்கது இல்ல. பேரு போட்டு அடிச்சா என்னையும் உள்ள வைப்பான். எனக்குப் பொம்பளப் பிள்ளைக ரெண்டு கட்டிக்கொடுக்காம இருக்கு. மன்னிச்சிக்கிடும்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வந்தவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நாலு வீடு தள்ளிச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவர் மாட்டியிருப்பார். தாத்தா அந்த ராத்திரியைப் பற்றி ஆச்சியிடம்கூட 1977 வரை வாய் திறக்கவில்லை. அந்த மார்ச்சில் தேர்தல் வந்தபோது, அதே மனிதர் கட்சி நோட்டீசோடு முன்வாசல் வழியாக வந்தார். "இதுக்குப் பேரு போட்டுக்கிடுமே" என்றாராம். தேர்தல் நோட்டீசுக்கு அச்சிடுபவர் பெயர் தேர்தல் சட்டப்படியே கட்டாயம். தாத்தா கூலியில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டார். அந்தக் குறைப்பில் இருந்தது வெட்கமா மரியாதையா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நான் வெட்கம் என்கிற கட்சி.

எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978 அக்டோபரில். பெரியார் 1935இலிருந்தே குடி அரசில் பயன்படுத்திவந்த எழுத்துகளை எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகவே போட்டுவிட்டது. ணை, லை, ளை, னை நாலுக்கும் இருந்த தும்பிக்கை போயிற்று. ணா, றா, னாவின் சுழியும் அவற்றை ஒட்டிய ஒகர ஓகாரங்களின் சுழியும் போய்ச் சாதாரணக் கால் வந்தது. மொத்தம் 13 எழுத்து. புது டைப் வாங்க எவ்வளவு செலவாகும் என்று கம்பாசிட்டர் மாமா பயந்துகொண்டிருந்தபோது தாத்தா கேஸ் முன்னால் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். கைக்கும் மைக்கும் போடுகிற ஐகாரக் கொம்பு ஏற்கெனவே ஓர் அறையில் கிடக்கிறது. காலும் கிடக்கிறது. லவும் னவும் கிடக்கின்றன. "புதுசா ஒண்ணும் வாங்க வேண்டாம்லே. பழச மறந்தாப் போதும்" என்றார். மறப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்பது வருஷம் பழகின கை தானாகப் பழைய லையின் அறைக்குப் போகும். ஒரே எழுத்தாக எடுத்ததை இப்போது இரண்டாக எடுக்க வேண்டும்; வரியும் கொஞ்சம் நீளும். அந்தப் பழைய அறைகளின் மேல் அட்டை வெட்டி ஒட்டி மூடினார். ஆனாலும் கோயில் நோட்டீசுகளுக்குக் கொஞ்ச காலம் அட்டையைத் தூக்கத்தான் செய்தார். பெரியவர்கள் பழைய எழுத்தில் இருந்தால்தான் சாமி காரியமாக இருக்கிறது என்றார்கள். பள்ளிக் கேள்வித்தாள் புது எழுத்தில், பங்குனித் திருவிழா பழைய எழுத்தில், இரண்டும் ஒரே டிரெடிலில். அவருக்கு எதுவும் கட்சியாகத் தெரியவில்லை. கொடுத்த காப்பிப்படி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

1980களின் கடைசியில் சிவகாசியிலிருந்து ரெடிமேட் அழைப்பிதழ்கள் வரத் தொடங்கின. ஆப்செட்டில் பல வண்ணத்தில் பிள்ளையாரும் குத்துவிளக்கும் அச்சிட்டு, உள்ளே வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதில் பெயரை மட்டும் அடித்துக் கொடுக்கும் வேலைக்குத் தாத்தா இறங்கிவந்தார். பிறகு கம்ப்யூட்டரில் கோர்க்கிறவர்கள் வந்தார்கள். ஒரு பெண்பிள்ளை கால் மணி நேரத்தில் பத்திரிகை முழுவதையும் தட்டி, பிழையைத் திரையிலேயே திருத்தி எடுப்பதை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குறை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நேரா வாசிக்கா. கண்ணுக்கு நல்லது" என்றார். 1993இல் மூடினார். ஈயம், ஆண்டிமனி, வெள்ளீயம் சேர்ந்த உலோகம் என்பதால் எழுத்துக்குப் பழைய இரும்பைவிட நல்ல விலை. சாக்கு சாக்காகக் கட்டித் தராசில் ஏற்றினார்கள். டிரெடிலைத் தூக்க முடியாமல் சம்மட்டியால் உடைத்து எடுத்துப் போனார்கள். அன்றைக்குத் தாத்தா கோயிலுக்குப் போய்விட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். 1998 ஐப்பசியில் காலமானார். கருமாதிப் பத்திரிகை அடிக்க ஆச்சி சம்மதிக்கவில்லை. "ஊருக்குத் தெரியாத ஆளா?" என்றாள். வந்தவர்களுக்கு உட்கார இடம் போதவில்லை. சந்துப் பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் சிலர் அந்த மஞ்சளும் ரோஸும் கலந்த நோட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

அச்சடித்த எல்லாவற்றிலும் ஒரு பிரதியைத் தாத்தா கம்பியில் குத்திவைப்பார். பரண் முழுக்கக் கம்பி கம்பியாகத் தொங்கும். 39 வருஷத்துக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி, டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ், வள்ளி திருமண நாடகம், கடை திறப்பு விழா, நகராட்சித் தேர்தல், விசைத்தறிக் கூலிப் பேச்சுவார்த்தை. அந்த ஊருக்கு யாராவது சரித்திரம் எழுதுவதாக இருந்தால் பரணில் ஏறி உட்கார்ந்தால் போதும். வீட்டை இடித்துக் கட்டியபோது, கரையான் அரித்தது போக மிச்சம் இருந்ததெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போயிற்று. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா இப்படிப்பட்ட தாள்களைத்தான் புத்தகங்களோடு சேர்த்துச் சேர்த்து வைத்தார். அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் எதையும் அவர் தள்ளவில்லை. அவர் 1992இல் காலமான பிறகு அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து, அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. எல்லா ஊருக்கும் ஒரு ரோஜா முத்தையா கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ பூஜை அலமாரியிலோ மஞ்சள் தடவின பழைய பத்திரிகை ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் தாத்தா ஆச்சி பெயரை வாசித்த கையோடு, அடியில் பொடி எழுத்தில் இருக்கிற வரியையும் வாசித்துப் பாருங்கள். அந்தப் பெயர்களைக் கோர்த்தவர் எந்த ஊர்க்காரர் என்பது அங்கே இருக்கும்.